பெரோன் மக்கள் ஒன்றியம், மெல்பேர்ன் கிளை

எங்கள் வீட்டுப் புகை மணி சும்மாவே வாய்க்காரி. கடுகு வெடித்தால் கத்தும், நெத்தலி பொரித்தால் கத்தும், சாம்பிராணி காட்டினால் சாமியையே அதட்டும். கதிரையில் ஏறி ஒரு துவாயால் நாலு விசிறு விசிறினால் அடங்கிவிடும். அந்த ஞாயிறு மட்டும் அடங்கவில்லை. குசினியில் அடுப்பே மூட்டவில்லை. புகை கராஜ் கதவின் கீழால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஈரக் கட்டை மெல்லக் கருகும் மணம். அதற்குள்ளே கொழுப்பு உருகிச் சொட்டும் மணம். அதற்கும் உள்ளே, எங்கோ தூரத்தில், ஒரு சேற்றுக் குளத்தின் மணம்.

இப்போதும் எங்கள் மெல்பேர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் இலையுதிர் காலத்துப் பின்னேரங்களில் யாராவது விறகு போட்டு இறைச்சி வாட்டினால் எனக்கு அந்த மணம் வந்துவிடும். மணத்தோடு ஓர் ஊரும் வரும். ஆறு ஓடும் ஊர், மூன்றுதரம் எரிந்த ஊர், நான் ஒருநாளும் கால் வைக்காத ஊர்.

கராஜைத் திறந்தேன். உள்ளே மச்சான் நின்றான். என் மனைவியின் தம்பி. பிரான்சிலிருந்து மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்திருந்தவன். அவனுக்கு முன்னால், திவசத்துக்குச் சோறு வடிக்கும் எங்கள் கிடாரம். கிடாரத்துக்குள் தணல். தணலுக்கு மேலே, என் மனைவி உடுப்புக் கொழுவும் கம்பிகளில், நீளநீளமாக ஆறேழு உருப்படிகள் தொங்கின.

"ஐயோ, பாம்பு!" என்றாள் என் மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"பாம்பில்லை அக்கா, விலாங்கு. இன்னும் கொஞ்ச நேரம் புகைக்குள்ளை நிக்கவேணும். எங்கடை ஊரிலை சனிக்கிழமைச் சந்தையிலை இதுக்கு வரிசை நிக்கும்."

"எங்கடை ஊரிலை உதை ஆரடா தின்னுறது?"

"உங்கடை ஊரிலை இல்லை அக்கா. எங்கடை ஊரிலை."

அந்தச் சொல் அவளுக்குச் சுரீரென்று பட்டதை நான் பார்த்தேன். ஆனால் பதில் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. வேலிக்கு மேலாலே ஒரு தொப்பி எழுந்தது, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார், பிறகு அவர் கையிலிருந்த தோட்டத்துத் தண்ணீர்க் குழாய். ஓய்வுபெற்ற லொறிச் சாரதி, தனியாள். எங்களோடு அவருக்கு அதுவரை இருந்த உறவெல்லாம் குப்பைத் தொட்டியை எந்த நாள் வெளியே வைப்பது என்பதைப் பற்றியதுதான்.

"என் ஆப்பிள் மரம் எரிகிற மணம் எனக்குத் தெரியாதா, மேட்?" என்றார்.

உண்மைதான். அவர் வெட்டி வாசலில் போட்டிருந்த ஆப்பிள் கிளைகளைத்தான் மச்சான் காலையில் அள்ளி வந்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் கொஞ்சமும் கூசாமல் ஒரு விலாங்கைக் கம்பியோடு எடுத்து, வாலில் ஒரு துண்டு கிள்ளி, வேலிக்கு மேலால் நீட்டினான். கிழவர் வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடினார்.

"இதை எங்கே பழகினாய்?"

"பெரோன். பிரான்சில். சோம் ஆற்றங்கரை."

கிழவரின் கை தாழ்ந்தது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நனைத்துக்கொண்டிருந்தது தன் சொந்தச் சப்பாத்துகளை. அவருடைய பாட்டனாரின் தம்பி, முதலாம் உலகப்போரில் போனவர், இருபத்தொரு வயதில், அந்த ஊருக்கு வெளியே ஒரு வயலோரத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறாராம். கிழவர் ஒருதரமும் போய்ப் பார்த்ததில்லை. வாழ்க்கை முழுக்க இந்தக் கண்டத்தை லொறியில் குறுக்கும் நெடுக்கும் அளந்த மனிதருக்கு விமானம் ஏறப் பயம்.

இனி மச்சானின் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி, எல்லாரையும்போலப் பாரிசுக்குப் போய், எல்லாரையும்போலக் கோப்பை கழுவினான். அங்கிருந்து வடக்கே ஒன்றரை மணிநேர ஓட்டத்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில், ஹோட்டல் குசினியொன்றில், யாரோ நோயில் படுத்துவிட்டார்கள் என்று மூன்று மாதத்துக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது. கழுவியவன் நறுக்கினான், நறுக்கியவன் சமைத்தான், இப்போது அந்தக் குசினிக்கு அவன்தான் தலை. பாரிசில் உள்ள எங்கள் சனம் அவனைப் பார்த்து, "உந்தக் குளிருக்குள்ளை, ஒரு தமிழ்க் கடைகூட இல்லாத இடத்திலை என்னடா செய்யிறாய்?" என்று கேட்கும். அவன் சிரிப்பான்.

என் மனைவி சிரிப்பதில்லை. இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு, கூடப் பிறந்ததென்று இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சியது இவன் ஒருவன்தான். அதைப் பற்றி அவள் அதிகம் கதைப்பதில்லை. பதிலாகக் காரியங்கள் செய்தாள். பின் அறைக்கு நிறம் பூசினாள். குடிவரவு முகவரிடம் போய்க் கேட்டு வந்தாள். நகரத்தில் ஒரு ஹோட்டலில் அவனுக்கு வேலைக்குச் சொல்லி வைத்தாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவன் வந்து இறங்கியபோது அவளைப் பொறுத்தவரை அவன் வந்தது விடுமுறைக்கு இல்லை. திரும்பும் ரிக்கற் என்பது விமானக் கம்பனிக்காரர் கட்டாயப்படுத்தி விற்ற ஒரு கடதாசி.

"கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும். வேறை ஒண்டும் வேண்டாம்," என்றாள் என்னிடம். "நீங்கள் ஒருக்கா அவனோடை கதையுங்கோ. ஆம்பிளையும் ஆம்பிளையுமாக் கதைச்சால் சரிவரும்."

என்னை நம்பி ஒரு வேலையைத் தந்தால் என்ன நடக்கும் என்பது, இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய பிறகும், அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை அவனை ரயிலேற்றி நகரத்துக்குக் கூட்டிப்போனேன். ட்ராம் காட்டினேன். பூங்கா காட்டினேன். நல்ல வெயிலையும் தென்றலையும் நானே ஏற்பாடு செய்ததுபோல் கையை விரித்துக் காட்டினேன். கடைசியில் யாரா ஆற்றங்கரையில் கொண்டுபோய் இருத்தினேன். உனக்கு ஆறுதானே வேணும், இந்தா ஆறு.

அவன் வெகுநேரம் பார்த்தான். "அத்தான், உது ஆறோ? ஆரோ பால் விட்டுக் குடிக்க மறந்த தேத்தண்ணியெல்லோ."

"சரி, நிறம் கொஞ்சம் அப்பிடித்தான். ஊர் எப்பிடி?"

"ஊர் நல்ல வடிவு. அதுதான் பயமாக் கிடக்கு."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடிக்காரனின் முகம் பகிடியை எங்கோ கழற்றி வைத்துவிட்டு இருந்தது.

"ஒரு கீறல்கூட இல்லை பாருங்கோ. பாரிசும் இப்பிடித்தான். எனக்கு அங்கை நித்திரையே வாறேல்லை. ஏனெண்டும் தெரியாது. பெரோனிலை இறங்கின அண்டைக்கு மழை. பெட்டியோடை சேர்ச் வாசல்லை ஒதுங்கினன். சுவரைப் பாத்தால் முழுக்கச் சன்னம் பட்ட குழி. பெரிசு, சின்னன், சரிவாப் போனது, நேரா வந்து குத்தினது. விரலை வைச்சுப் பாத்தன். எந்தப் பக்கத்தாலை வந்திருக்கும் எண்டு என்னாலை சொல்ல ஏலும். மூடாமல் அப்பிடியே விட்டிருக்கினம். குழிக்குள்ளை பாசி, பாசிக்குள்ளை ஒரு சிலந்தி. சத்தியமாச் சிரிச்சிட்டன் அத்தான். அட, இது எனக்குத் தெரிஞ்ச இடமெல்லோ. அண்டைக்கு இரவு நல்ல நித்திரை."

இரண்டு கோப்பி வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே, "என்னவாம்?" என்று கண்ணால் கேட்டாள். "ஆறு பிடிச்சிருக்காம்," என்றேன். அது எந்த ஆறு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குள் வேலிக்கு மேலே ஒரு சிநேகம் வளர்ந்துவிட்டது. பின்னேரம் ஆனால் கிழவர் தன் வீட்டு மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்துவிட்டு எங்களுக்குக் கை காட்டுவார். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டில் அந்த ஊர் எப்படி இருந்ததோ அப்படி வரைந்த படம். அவர் அறிந்த ஊர் அது மட்டும்தான். மச்சான் அறிந்தது இன்றைய ஊரை மட்டும்.

"இந்த மூலையில் ஒரு இயந்திரத் துப்பாக்கி," என்பார் கிழவர், குரலைத் தாழ்த்தி.

"அதிலே இப்போது தலைமயிர் வெட்டும் கடை. திங்கட்கிழமை பூட்டு."

"இந்தச் சதுப்பைக் கடக்கும்போதுதான் எங்கள் ஆட்கள் மார்பளவு தண்ணீரில்..."

"அங்கேதான் விலாங்கு நல்லாப் படும். ஞாயிற்றுக்கிழமை இடம் பிடிக்கிறது கஷ்டம்."

"இந்தக் குன்று! இதைப் பிடிக்கத்தான் அவ்வளவு பேர்..."

"குன்றோ? சைக்கிளில் போனால் மூச்சு வாங்கும். காரில் போனால் குன்றென்றே தெரியாது."

கிழவர் கோபிப்பார், பிறகு சிரிப்பார், பிறகு பியர் எடுத்து வருவார். ஊரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியப் பெடியன்கள் முதல் செய்த காரியம், இடிந்த தெருவொன்றில் கங்காருவின் பெயரை எழுதி ஒரு பலகை அடித்ததுதான் என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பலகையை இப்போது கன்பராவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அவர் லொறியோட்டிய காலத்தில் நேரே போய்ப் பார்த்தவர். பிறகு அந்தக் குன்றின்மேல் ஒரு சிலை வைத்தார்களாம்: ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவன் ஜேர்மனியின் சின்னமான கழுகைக் காலடியில் போட்டுத் துப்பாக்கி ஈட்டியால் குத்துகிற சிலை. அடுத்த சண்டையில் ஜேர்மன்காரர் திரும்பி வந்தார்கள். கழுகைப் பார்த்தார்கள். சிலை போய்விட்டது.

"பேந்து வேறை சிலை வைச்சிருக்கினம்," என்றான் மச்சான் என்னிடம் தமிழில். "இந்தமுறை ஆள் ஒருத்தரையும் குத்தேல்லை. சும்மா நிக்கிறான். அனுபவம்."

இந்த வேலியோரக் கூட்டங்களில்தான் சதி உருவானது. எங்கே தொடங்கியது, யார் முதலில் சொன்னது என்று இப்போது கேட்டால் மூன்று பேரும் மற்ற இருவரைக் காட்டுவோம்.

மெல்பேர்னில் எங்கள் ஆட்களுக்கு ஊர்ச் சங்கம் இல்லாமல் இருக்க முடியாது. ஊரில் நாற்பது வீடு இருந்திருக்கும். இங்கே அதற்கு ஒரு மக்கள் ஒன்றியம், ஒரு தலைவர், ஒரு செயலாளர், பொருளாளர் பதவிக்கு மட்டும் ஒரு நிரந்தரச் சண்டை. வருடத்துக்கொருமுறை சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஏரிக்கரைப் பூங்காவொன்றில் ஒன்றுகூடல் வைக்கும். கொத்துரொட்டி, சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊரும் தன் ஐந்து நிமிடத்தில் மேடையேறித் தன் பெருமையைச் சொல்லலாம். எங்கள் ஊர் ஒன்றியத்துக்கு என் மனைவி உபதலைவி. அந்த வருடம் ஊர் அறிமுகத்தைத் தம்பி செய்யவேண்டும், கயிற்றின் கடைசியாளாகவும் அவனே நிற்கவேண்டும் என்று அவள் முடிவுசெய்திருந்தாள். சனத்துக்குள் ஒருதரம் நின்று, கைதட்டல் ஒருதரம் வாங்கிவிட்டால் வேர் விட்டுவிடும் என்பது அவள் கணக்கு.

காலையில் பூங்காவுக்குள் நுழையும்போதே நான் மச்சானோடு பதிவு மேசைக்குப் போனேன். மைக் அண்ணை என்று எல்லாரும் கூப்பிடும் அறிவிப்பாளர் அங்கே இருந்தார். கொத்துரொட்டி முடிந்துவிட்டது என்பதைக்கூடத் தேர்த் திருவிழா போலச் சொல்லக்கூடியவர்.

"எந்த ஊர், தம்பி?"

"பெரோன் மக்கள் ஒன்றியம். மெல்பேர்ன் கிளை."

மைக் அண்ணை பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். எங்கள் ஆட்கள் ஓர் ஊரைத் தெரியாது என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள்.

"பெரோன்... கேள்விப்பட்ட பேராக் கிடக்கு. உது வடமராட்சிப் பக்கமோ, தீவுப்பகுதியோ?"

"தீவுப்பகுதி மாதிரித்தான் அண்ணை. சுத்திவரத் தண்ணி."

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"தலைவர் வந்துகொண்டிருக்கிறார்."

தலைவர் வந்தார். தலையில் தொப்பி, ஒரு கையில் மடிப்புக் கதிரை, மறுகையில் ஒரு தட்டு சொசேஜ். மைக் அண்ணை கிழவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், காதிலிருந்த பேனாவை எடுத்து மறுபடியும் செருகினார். மச்சான் சங்கத்து யாப்பை, அதன் சட்டதிட்டத்தை, விளக்கினான்: அந்த மண்ணில் பிறந்தவர், அந்த மண்ணில் சமைத்தவர், அல்லது அந்த மண்ணில் தன் ஆளைப் புதைத்தவர் எவரும் அங்கத்தவராகலாம். இந்த மூன்றிலும் சேராத நான், விலாங்கு தின்ற தகுதியில் நிர்வாக சபை உறுப்பினர்.

எங்களுக்குப் பதாகையும் இருந்தது. இரண்டு யூக்கலிப்டஸ் மரத்துக்கு நடுவில் அதைக் கட்டினோம். நீலப் பூச்சில் பெரிய எழுத்து. பக்கத்தில் ஒரு விலாங்கு, ஒரு கங்காரு. துணி நல்ல துணி. அது என் மனைவியின் பெட்டியடியில் கிடந்த, விருந்தாளிகளுக்கு மட்டும் விரிக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்பு என்பதை, மேடைக்கு முன் முதல் வரிசைக் கதிரையில் இருந்தபடி அவள் கண்டுகொண்ட அந்தக் கணத்தை நான் பார்க்காமலிருக்க வானத்தைப் பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை.

மச்சான் மேடையேறினான். பதாகையைக் கண்ட பிறகும், எங்கள் ஊரைப் பற்றித்தான் பேசுவான் என்று என் மனைவி கைதட்டுக்குக் கையைத் தயாராக வைத்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களில் வரும் அந்தத் தமிழை எடுத்தான்.

"பெருமதிப்புக்குரிய பெரியோர்களே! சோம் நதியாள் கிளைகிளையாகப் பிரிந்து, குளமும் சதுப்புமாகச் சூழ்ந்து காக்க, நடுவே கோட்டையும் கொத்தளமுமாக வீற்றிருப்பது எமது பெரோன். எமது ஊரின் பிரதான விளைபொருட்கள் சீனிக் கிழங்கு, லீக்ஸ், வெடிக்காத ஷெல். உழும்போது மூன்றும் கிடைக்கும். கடைசியாகச் சொன்னதைத் தெருவோரத்தில் எடுத்து வைத்தால் இராணுவ வண்டி வந்து ஏற்றிச் செல்லும்."

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது.

"எமது ஊரில் இரண்டு மன்னர்கள் அடைபட்டுக் கிடந்தனர். ஒருவர் அங்கேயே காலமானார். மற்றவர் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தப்பினார். எமது ஊரை எவராலும் பிடிக்கமுடியாது என்று எம் முன்னோர் நெடுங்காலம் பெருமை பேசினர். அந்தப் பெருமையைக் கேள்விப்பட்டு ஓர் ஆங்கிலேயத் தளபதி வந்தார். வந்த அன்றே பிடித்தார். அன்றுதொட்டு எமது ஊரைப் பிடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது."

இப்போது பூங்கா முழுக்கச் சிரித்தது. கடல்புறாக்கள்கூட எழும்பிப் பறந்தன. கிழவர் ஒன்றும் விளங்காமல், ஆனால் தலைவருக்குரிய மிடுக்கோடு, எல்லாப் பக்கமும் தலையாட்டினார்.

"ஒருமுறை பிரஷ்யாக்காரர் எரித்தார்கள். கட்டினோம். முதலாம் உலகப்போரில் நாலைந்துதரம் கைமாறி, கடைசியில் கட்டடம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டினோம். இரண்டாவது போரில் குண்டு போட்டார்கள். கட்டினோம். இடையில் ஒருதரம், ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டுப் பின்வாங்கிப் போனவர்கள், இடிந்த நகரமண்டபத்தின் முகப்பில் ஒரு பெரிய பலகை எழுதி மாட்டிவிட்டுப் போனார்கள். அது இன்றைக்கும் எமது கோட்டையில் இருக்கிறது. கோபப்படாதே, வியந்து பார், அவ்வளவுதான் என்று அதில் எழுதியிருக்கிறது."

சிரிப்பு நின்றது. நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்து, அதுவும் நின்றது.

பின்னால், மரத்தடியில், தனியாக நின்ற ஒருவர் கை உயர்த்தினார். படகில் வந்து, தற்காலிக விசாவில், கோழிப் பண்ணையொன்றில் வேலை செய்பவர். எந்தப் பதாகையின் கீழும் அவர் நிற்கவில்லை.

"அண்ணை, ஒரு கேள்வி. அந்தச் சனம் திரும்பி வந்ததோ?"

மச்சான் மலர்த் தமிழைக் கீழே வைத்தான்.

"வந்தது. முதல் தகரக் கொட்டிலுக்குள்ளை இருந்தவை. பள்ளிக்கூடம், சேர்ச், மண்டபம் எண்டு ஒவ்வொண்டாக் கட்டினவை. நிமிர்ந்த உடனை அடுத்த சண்டை."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகும் வந்தது. ஆனால் எல்லாரும் வரேல்லை. சில பேர் போன இடத்திலையே இருந்திட்டினம். அவையின்ரை வெறும் வீட்டிலைதான் என்னை மாதிரி ஆக்கள் போய் இருக்கிறம். ஆரும் இருந்து விளக்குப் போடத்தானே வேணும்."

சொல்லிவிட்டு அவன் நேரே முதல் வரிசையைப் பார்த்தான். என் மனைவி மடியில் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டவில்லை; மற்ற எல்லாரும் தட்டினார்கள்.

கயிறிழுத்தலில் எங்களுக்கு முதல் சுற்றிலேயே அகப்பட்டது எங்கள் சொந்த ஊர். பத்துப் பேருக்கு எதிரே பெரோன் மூன்று பேர். அதில் தலைவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கயிற்றைத் தூக்கும்போது எனக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. மரத்தடி மனிதர்.

"நானும் இதிலை சேரலாமோ?"

"உங்கடை ஊர்ச் சங்கம் எங்கை?"

"ஊரிலேயே ஒருத்தரும் இல்லை அண்ணை. சங்கம் எங்கை இருக்கும்?"

"அங்கத்துவம் திறந்துதான் கிடக்கு," என்றான் மச்சான் திரும்பாமலே. "காலை நல்லா ஊண்டிக்கொண்டு பிடியும்."

விசில் சத்தம் முடிய முதல் நாங்கள் நாலுபேரும் புல்லில் குப்புறக் கிடந்தோம். கிழவர்தான் முதலில் எழும்பினார், முழங்காலில் மண், தொப்பியைக் காணவில்லை. "பெரோன் மறுபடியும் விழுந்தது!" என்று கத்தினார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் தோற்று நான் பார்த்ததில்லை.

காரில் வீட்டுக்கு வந்தோம். எங்கள் தெருவில் திரும்பும்போது என் மனைவி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரு வசனம் சொன்னாள்.

"அது கலியாணத்துக்கு வந்த பெட்சீற்."

பின்னாசனத்தில் மச்சான் நித்திரை கொள்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். நல்லவேளை.

அதன்பிறகு அவள் முகவரைப் பற்றியோ ஹோட்டலைப் பற்றியோ பேசவில்லை. ஆனால் விட்டுவிட்டாள் என்றும் சொல்லமுடியாது. குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே திடீரென்று கேட்பாள்: "அங்கை மழை கனக்கவோ?" அவன் சொல்வான்: "அங்கத்தைச் சனம் அதை மழை எண்டு சொல்லாது அக்கா, தூறல் எண்டுதான் சொல்லும். ஒரு கிழமையாத் தூறும்." இன்னொரு நாள்: "சனம் எப்பிடி? கதைக்குமோ?" "முதல் பத்து வருசம் கதைக்காது. பிறகு விடாது." இன்னொரு நாள்: "சுகமில்லாமல் போனால் ஆர் பாக்கிறது?" அவன் சொன்னான்: "போன மாரிக்குக் காய்ச்சலாக் கிடந்தனான். சந்தையிலை விலாங்கு விக்கிற மனிசி கதவடியிலை சூப் வைச்சிட்டுப் போனவ. மணி அடிக்கேல்லை. வைச்சிட்டுப் போட்டா." என் மனைவி கத்தியை நிறுத்தி, "என்ன சூப்?" என்று கேட்டாள். "லீக்ஸ்." "மிளகு போட்டதோ?" "இல்லை." "பின்னை என்ன சூப்," என்றாள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

போகும் நாள் வந்தது. கிழவரும் விமான நிலையத்துக்கு எங்களோடு வந்தார். உள்ளே நிற்கும் விமானங்களைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று, கூண்டுப் புலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மச்சானைத் தனியே இழுத்து, பாட்டனாரின் தம்பியைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"பாக்கிறது மட்டுமில்லை, எங்கள் முறைப்படி படைக்கிறேன்," என்றான் மச்சான்.

"அதென்ன?"

"செத்தவருக்குச் சாப்பாடு வைப்போம். முதலில் அவர் சாப்பிடவேண்டும், பிறகு நாங்கள்."

"அவர் சாப்பிட்டாரென்று எப்படித் தெரியும்?"

"காகம் வந்து சொல்லும். அங்கேயும் காகம் நிறைய இருக்கு."

கிழவர் இதை வெகு கவனமாக யோசித்தார். "விலாங்கு வை, மேட்," என்றார். "நல்லாப் புகையில் நின்றதாக வை."

என் மனைவி அதுவரை அழவில்லை. பைகளை நிறுத்துப் பார்ப்பதும், கடவுச்சீட்டு எங்கே என்று கேட்பதுமாக ஓடித்திரிந்தாள். உள்ளே போகும் வாசலில்தான் நின்றாள். கைப்பைக்குள்ளிருந்து ஒரு கடதாசிச் சரை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"மிளகு. அந்த மனிசிக்குக் குடு. சூப்புக்குப் போடச் சொல்லு."

அவன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அந்த விரிப்பு..." என்று இழுத்தான் கடைசியில்.

"தோய்ச்சு வைச்சிருக்கிறன். பூசின நிறம் போகாது. இருக்கட்டும், அடுத்த வருசமும் கட்டத்தானே வேணும்." மூக்கை உறிஞ்சினாள். "உங்கடை சங்கத்திலை தலைவர் இருக்கிறார், செயலாளர் நீ. இந்த மனிசன் நிர்வாக சபையாம். பொருளாளர் ஆர்?"

நான் கிழவரைப் பார்த்தேன். கிழவர் விமானத்தைப் பார்த்தார்.

"பொருளாளர் இன்னும் இல்லை அக்கா," என்றான் மச்சான். "எங்களிட்டை ஒரு சதமும் இல்லையே."

"காசில்லாத சங்கத்துக்குத்தான்டா பொருளாளர் கட்டாயம் வேணும். என்ரை பேரைப் போடு. இப்ப கெதியா நட, பிளேனை விட்டிடுவாய், போட்டு வா."